ஈயம் கட்டிப்போட்ட தெரு: ஃப்ளீட் ஸ்ட்ரீட் பற்றி வாசகர் கேள்விகள்

லண்டனின் பத்திரிகைத் தெரு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பிரிட்டிஷ் பத்திரிகைகளை மொத்தமாகச் சொல்லும்போது 'ஃப்ளீட் ஸ்ட்ரீட்' என்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு தெரு இருக்கிறதா? (கல்லூரி மாணவி, திருச்சி)

இருக்கிறது. லண்டன் சிட்டியின் மேற்கு ஓரத்தில், லட்கேட் சர்க்கஸ் சந்திப்பில் தொடங்கி டெம்பிள் பார் எல்லையில் முடிகிறது. அதற்கு அப்பால் அதே சாலைக்கு ஸ்ட்ராண்ட் என்று பெயர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது. ஃப்ளீட் என்பது ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆற்றை மூடிவிட்டார்கள். இன்று அது தரைக்கடியில் ஓடி, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே தேம்ஸில் கலக்கிறது.

தி.நகர் என்றதும் ஜவுளி நினைவுக்கு வருகிறதே, அப்படித்தான் இந்தப் பெயரும். தெருவின் மீதே வாசல் வைத்திருந்த பெரிய நாளிதழ்கள் டெய்லி டெலிகிராஃபும் டெய்லி எக்ஸ்பிரஸும். சன், நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு இரண்டும் பக்கத்துச் சந்தான பூவெரி ஸ்ட்ரீட்டில் இருந்தன. தி டைம்ஸ் 1974 வரை பிளாக்ஃபிரையர்ஸ் பக்கம் பிரின்டிங் ஹவுஸ் ஸ்கொயரில் இருந்தது. எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரம்தான். பெயர் மட்டும் ஒரே தெருவுக்கு வாய்த்தது.

கேள்வி: அச்சகங்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன? (ஆசிரியர், கும்பகோணம்)

வக்கீல்களும் பாதிரியார்களும்தான். இங்கிலாந்தில் அச்சுத் தொழிலைத் தொடங்கிவைத்த வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் கடை போட்டார். அவருடைய உதவியாளர் வின்கின் டி வோர்ட் 1500 வாக்கில் அச்சகத்தை ஃப்ளீட் ஸ்ட்ரீட்டுக்கு மாற்றினார். அச்சடித்ததை விற்றால்தான் பிழைப்பு நடக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் அன்று அந்தத் தெருவைச் சுற்றித்தான் அதிகம் இருந்தார்கள். மேற்கே வழக்கறிஞர்கள் தங்கிப் பயின்ற டெம்பிள் வளாகம், கிழக்கே செயின்ட் பால்ஸ் தேவாலயம். சட்ட நூலும் ஜெப நூலும் வாங்க ஆள் இருந்தது. (நம் மொழியின் முதல் அச்சு நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578-ல். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பத்திரிகைகள் வந்தபோது அந்த இடத்துக்கு இன்னொரு மதிப்பும் கூடியது. மேற்கே போனால் நாடாளுமன்றம், கிழக்கே வங்கிகளும் பங்குச் சந்தையும், நடுவே நீதிமன்றங்கள். செய்தி பிறக்கும் மூன்று இடங்களுக்கும் நடுவில் அந்தத் தெரு உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் நீண்ட காலம் பத்திரிகை ஏழைக்கு எட்டவில்லை. அதற்குக் காரணம் வரி. 1712-ல் தொடங்கிய முத்திரை வரி 1815-ல் ஒரு பிரதிக்கு நான்கு பென்னி வரை ஏறியது. 1836-ல் ஒரு பென்னியாகக் குறைந்து, 1855-ல் நீங்கியது. டெய்லி டெலிகிராஃப் பிறந்தது அதே 1855 ஜூன் மாதம். சில மாதங்களிலேயே ஒரு பென்னிக்கு விற்றது. காகித வரியும் 1861-ல் போனது. 1896 மே 4 அன்று டெய்லி மெயில் அரைப் பென்னிக்கு வந்தது. பத்திரிகை லட்சக்கணக்கில் விற்ற காலம் அங்கே தொடங்குகிறது.

கேள்வி: இங்கிலாந்தின் முதல் நாளிதழை நடத்தியவர் ஒரு பெண் என்கிறார்களே, சரியா? (இல்லத்தரசி, மதுரை)

சரி. பத்திரிகையின் பெயர் டெய்லி கூரண்ட், முதல் இதழ் 1702 மார்ச் 11. வெளியிட்டவர் எலிசபெத் மாலெட். இதழில் இருந்தது 'இ. மாலெட்' மட்டும். ஃப்ளீட் பாலத்தருகே ஒரு விடுதிக்கு அடுத்த வீடு. ஒரே தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, இரண்டு பத்தி. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து செய்தி எடுத்துத் தருவேன், எந்த நாட்டுப் பத்திரிகை சொன்னது என்பதையும் போடுவேன், என் கருத்தைச் சேர்க்க மாட்டேன், யோசிக்கும் அறிவு வாசகருக்கு உண்டு என்று முதல் இதழிலேயே அறிவித்துவிட்டார். இதைவிட நல்ல ஆசிரியர் கொள்கையை அதற்குப் பிறகு வந்த எந்தப் பத்திரிகையும் எழுதிவைத்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. சில வாரங்களில் பத்திரிகை கைமாறியது. 1735 வரை வந்தது.

அந்தத் தெரு பிற்பாடு பெண்களை நடத்திய விதம் வருத்தம் தருவது. அங்கே பத்திரிகையாளர்களும் வக்கீல்களும் கூடும் எல் வீனோ என்ற மதுக்கடையில் பெண்கள் கவுன்டரில் நின்று வாங்கக் கூடாது, பின்னறையில் உட்கார்ந்தால்தான் பரிமாறுவோம் என்று வைத்திருந்தார்கள். செய்தி கைமாறுவதே அந்தக் கவுன்டரில்தான் என்பதால் இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக இருக்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கத்தைச் சட்டவிரோதம் என்று சொன்னது 1982-ல். மாலெட்டின் முதல் இதழுக்கு 280 ஆண்டுகள் கழித்து.

கேள்வி: நாங்கள் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து எழுத்தெடுத்து ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோத்து, ட்ரெடில் என்ற மிதி இயந்திரத்தில் ஓட்டியவர்கள். ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான பிரதி அச்சடித்த அந்தப் பத்திரிகைகள் எப்படித் தயாராயின? எங்கெங்கே சிக்கல் வந்தது? (ஓய்வுபெற்ற கம்பாசிட்டர், சிவகாசி)

உங்களுக்கு இதை விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தத் தெருவின் கதையே இதற்குள்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1980-கள் வரை அங்கே ஆட்சி செய்தது உருக்கிய ஈயம். செய்தியாளர் டைப் அடித்த தாள் துணை ஆசிரியரிடம் திருத்தப்பட்டு லைனோடைப் இயந்திரத்துக்குப் போகும். இயக்குபவர் 90 சாவி கொண்ட பலகையில் தட்டத் தட்ட, பித்தளை அச்சுக்குழிகள் மேலேயுள்ள பெட்டியிலிருந்து விழுந்து வரிசையாக நிற்கும். சொற்களுக்கு நடுவே ஆப்பு வடிவத் தகடுகள் விழும். வரி முடிந்ததும் ஆப்புகள் மேலே தள்ளப்பட, இடைவெளி விரிந்து வரி சரியான அகலத்துக்கு வரும். ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் உலோகம் பாய்ந்து, முழு வரியும் ஒரே கட்டியாக வெளியே விழும். அந்தக் கட்டிக்கு ஸ்லக் என்று பெயர். நீங்கள் வேலை முடிந்ததும் எழுத்துகளைத் திரும்பக் கேஸில் பிரித்துப் போட்டிருப்பீர்கள். அந்த வேலையையும் இயந்திரமே செய்யும். ஒவ்வொரு குழியின் தலையிலும் தனித்தனிப் பல்வரிசை உண்டு. தன் பல் பொருந்தாத இடம் வந்ததும் அது தன் அறைக்குள் விழுந்துவிடும்.

உலோகக் கலவை சுமாராக 85 பங்கு ஈயம், 11 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆன்டிமனி இல்லாவிட்டால் எழுத்து மெத்தென்று நசுங்கும். வெள்ளீயம் இல்லாவிட்டால் உலோகம் மூலைமுடுக்குகளுக்கு ஓடாது. உருக்கி உருக்கிப் பயன்படுத்தும்போது மேலே மிதக்கும் கசடோடு இவை இரண்டும் குறைந்துகொண்டே போகும். ஈடுகட்டிச் சேர்க்காவிட்டால் எழுத்தின் முகத்தில் பொத்தல் விழும். இயக்குபவர்கள் மிகவும் பயந்தது வேறொன்றுக்கு. வரி போதிய நீளமில்லாமல் தளர்வாக நின்றால் குழிகளுக்கு இடையே சந்து இருக்கும். அதன் வழியே சூடான ஈயம் வெளியே பீறிடும். கையும் காலும் வெந்தவர்கள் உண்டு. இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்ய நேரமும் போகும்.

பிழை திருத்துவதில் உங்களுக்கு இல்லாத ஒரு தொல்லை அவர்களுக்கு இருந்தது. நீங்கள் ஒற்றை எழுத்தைச் சாமணத்தால் பிடுங்கி மாற்றுவீர்கள். அவர்கள் ஒரு கமாவுக்காக முழு வரியையும் மறுபடி அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும்போது புதிய பிழை சேரும். அல்லது அவசரத்தில் பிழையான வரியை விட்டுவிட்டு வேறொரு நல்ல வரியை எடுத்து, திருத்திய வரியை அங்கே செருகிவிடுவார்கள். பழைய ஆங்கில நாளிதழ்களில் ஒரே வரி இரண்டு முறை வந்து நடுவில் ஒன்று காணாமல் போயிருந்தால், காரணம் இதுதான்.

ஸ்லக்குகளெல்லாம் 'ஸ்டோன்' என்ற மேசைக்கு வரும். பெயர்தான் கல், பிற்காலத்தில் அது இரும்பு. அதன் மேல் சட்டத்துக்குள் பக்கத்தை அடுக்கி முடுக்குவார்கள். எதிர்ப்புறம் துணை ஆசிரியர் நின்று, தலைகீழாக, கண்ணாடி பிம்பமாக இருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டே எந்த வரியை வெட்டலாம் என்று சொல்வார். விரலால் தொடக் கூடாது. உலோகத்தைத் தொடும் உரிமை அச்சுத் தொழிலாளிக்கு மட்டுமே; துணை ஆசிரியர் தொட்டால் வேலை நின்றுவிடும். இடம் போதாவிட்டால் செய்தியின் கடைசிப் பத்திதான் முதலில் போகும். முக்கியமானதை மேலேயும் உதிரித் தகவலைக் கீழேயும் எழுதும் செய்திப் பழக்கம் இந்த மேசைக்கு மிகவும் தோதாக இருந்தது.

முடுக்கிய பக்கத்தின் மேல் ஃப்ளாங் என்ற காகிதக்கூழ் அட்டையை வைத்து அழுத்தி அச்செடுப்பார்கள். அட்டையில் ஈரம் மிச்சமிருந்தால், உருகிய ஈயம் பட்டதும் ஆவி கிளம்பித் தகட்டில் கொப்புளம் விழும். அட்டையை வளைத்து வார்ப்புப் பெட்டியில் வைத்து ஈயம் ஊற்றினால், அரை உருளை வடிவத்தில், சுமார் இருபது கிலோ எடையில் ஒரு தகடு கிடைக்கும். ஒரே பக்கத்துக்குப் பல தகடுகள் வேண்டும், ஏனென்றால் கீழ்த்தளத்தில் பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே சொல்லாமல் வரும் ஆபத்து காகிதம் அறுவது. முக்கால் டன் எடைச் சுருளிலிருந்து பாய்ந்து வரும் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, உருளைகளுக்கு ஊடாகக் கையால் மறுபடி கோத்துவிட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் ரயில் போய்விடும்.

கடைசிக் கெடுவை முடிவு செய்தது ஆசிரியரைவிட ரயில்தான். தொலைதூர ஊர்களுக்கான முதல் பதிப்பு முன்னிரவிலேயே வேன்களில் ஏறி, யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், பேடிங்டன் நிலையங்களுக்கு ஓடும். அதற்குப் பிறகு வந்த செய்தி லண்டன்காரர்களுக்கு மட்டும், அடுத்தடுத்த பதிப்புகளில். ஒரு வரிக்காகப் பக்கம் முழுவதையும் மறுவார்ப்பு செய்ய நேரமில்லாதபோது உதவியது 'ஸ்டாப் பிரஸ்' என்ற வெற்றுப் பத்தி. அந்த இடத்தில் மட்டும் அச்சிட ஒரு சிறு துணை உருளை உண்டு. மாலைப் பத்திரிகைகள் குதிரைப் பந்தய முடிவையும் கிரிக்கெட் ஸ்கோரையும் அதில்தான் போட்டன.

இப்போது பாருங்கள்: எழுதுபவர், கோப்பவர், வார்ப்பவர், ஓட்டுபவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருந்தே ஆக வேண்டும். ஈயத்தைத் தந்தியில் அனுப்ப முடியாது. அத்தனை பத்திரிகைகளையும் ஒரே வட்டாரத்தில் கட்டிப்போட்டிருந்தது அந்த எடைதான்.

கேள்வி: பழைய ஆங்கில நாளிதழ் ஒன்றில் செய்தியின் நடுவே 'எட்டாயின் ஷ்ருட்லு' என்று படிக்க முடியாத சொல் இருந்தது. ரகசியக் குறியீடா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இல்லை. லைனோடைப் பலகையில் ஆங்கில எழுத்துகள் அதிகம் புழங்கும் வரிசையில் இருக்கும். இடது ஓரத்து முதல் இரண்டு நெட்டு வரிசைகளை மேலிருந்து கீழாகத் தடவினால் வரும் எழுத்துகள்தான் அவை. ஒரு வரியில் தவறு செய்துவிட்டால் அதைப் பாதியில் அழிக்க வழியில்லை. அதனால் விரலை ஓட்டி வரியை நிரப்பி, வார்த்து, பிறகு அந்தக் கட்டியைத் தூக்கி எறிவார்கள். எறிய மறந்தால் அச்சாகிவிடும். கண்ணில் உடனே படட்டும் என்பதற்காகத்தான் பொருளற்ற எழுத்துகள். அப்படியும் சில தப்பிவிட்டன.

கேள்வி: அந்தத் தொழிற்சங்கங்கள் அவ்வளவு வலுவாக இருந்தது எப்படி? 'சேப்பல்' என்று சங்கக் கிளைக்குப் பெயராமே? (தொழிற்சங்க உறுப்பினர், ஆவடி)

ஆமாம், சேப்பல். அதன் தலைவர் 'ஃபாதர் ஆஃப் தி சேப்பல்'. சங்கங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே அச்சகத் தொழிலாளர் குழுவுக்கு அந்தப் பெயர் உண்டு. 1683-ல் வெளியான ஜோசப் மாக்ஸனின் அச்சுக்கலை நூலிலேயே இருக்கிறது.

வலிமைக்குக் காரணம் சரக்கின் தன்மை. துணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். நேற்றைய பத்திரிகையை யாரும் வாங்க மாட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் வேலை நின்றால் முதலாளி அந்த நாளையே இழப்பார். ஆகவே பேச்சுவார்த்தை பெரும்பாலும் சீக்கிரம் முடிந்தது, தொழிலாளர் பக்கமாக. யாரை வேலைக்கு எடுப்பது என்பதே சங்கத்தின் கையில் இருந்தது. ஈயப் புகை, சூடு, காதடைக்கும் இரைச்சல், ஆயுள் முழுக்க இரவு வேலை என்று பார்த்தால் நல்ல கூலிக்கு நியாயம் இருக்கத்தான் செய்தது. குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. வேலை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. வெளியாட்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறக்கவில்லை. இல்லாத ஆட்களின் பெயரில் கையெழுத்திட்டுக் கூலி வாங்கியதும் நடந்தது. இதற்குக் கையெழுத்தை ஏற்றுப் பணம் கொடுத்த நிர்வாகங்களும் பொறுப்பு.

கேள்வி: பத்திரிகைகள் அந்தத் தெருவை விட்டுப் போனது ஏன்? (இதழியல் மாணவர், சென்னை)

ஈயம் தேவையில்லாமல் போனதால். செய்தியாளர் ஒருமுறை தட்டியதை லைனோக்காரர் இன்னொரு முறை தட்டுவதுதான் பழைய முறை. கணினி வந்ததும் இரண்டாவது தட்டல் வெட்டி வேலையாகிவிட்டது. அந்த இரண்டாவது தட்டலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு இருந்தது. இது பற்றிய தகராறில் தி டைம்ஸ் 1978 டிசம்பர் 1 முதல் 1979 நவம்பர் 12 வரை, ஏறக்குறைய ஓராண்டு, வெளிவரவே இல்லை.

தி டைம்ஸ், சண்டே டைம்ஸ், சன், நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு நான்கையும் வைத்திருந்த ரூபர்ட் மர்டோக், கிழக்கு லண்டனின் வாப்பிங்கில் புதிய அச்சகம் கட்டினார். அது 'லண்டன் போஸ்ட்' என்ற புதிய மாலைப் பத்திரிகைக்கு என்று சொல்லப்பட்டது. உள்ளே பழைய நான்கையும் அச்சிடும் ஏற்பாடு சத்தமில்லாமல் நடந்தது. 1986 ஜனவரி 24 அன்று அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். சுமார் 5,500 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள்; வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ஆட்குறைப்புக்கான பணமும் சட்டப்படி கிடையாது. மின்பணியாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டு வாப்பிங்கில் அச்சு ஓடியது. ரயில்வே தொழிற்சங்கங்கள் குறுக்கிட முடியாதபடி விநியோகம் லாரிக்கு மாறியது. முள்கம்பி வேலிக்கு வெளியே ஓராண்டு மறியல், போலீஸ் தடியடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதுகள். வாப்பிங்குக்குப் போக மறுத்து வேலையை இழந்த பத்திரிகையாளர்களும் உண்டு. 1987 பிப்ரவரியில் சங்கங்கள் கைவிட்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1987-ல் டெலிகிராஃப் டாக்லேண்ட்ஸ் பக்கம் போனது. பத்திரிகை ரயில்கள் 1988-ல் நின்றன. எக்ஸ்பிரஸ் 1989-ல் தேம்ஸைக் கடந்தது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2005-ல் வெளியேறியது. 2016 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் சண்டே போஸ்ட் பத்திரிகையின் கடைசி இரண்டு செய்தியாளர்களும் மேசையைக் காலி செய்தார்கள்.

தொழில்நுட்பம் எப்படியும் வந்திருக்கும். ஆனால் நாற்பது வருடம் ஈயத்தோடு கிடந்தவரை ஒரே இரவில், ஒரு கடிதத்தில் வெளியே அனுப்பியது தொழில்நுட்பத்தின் கட்டாயம் இல்லை. அது மனிதர்கள் எடுத்த முடிவு என்றே நாங்கள் கருதுகிறோம்.

கேள்வி: சென்னையின் ஃப்ளீட் ஸ்ட்ரீட் என்று மவுண்ட் ரோடைச் சொல்லலாமா? (வாசகர், மயிலாப்பூர்)

ஓரளவு சொல்லலாம். 1878 செப்டம்பர் 20 அன்று தங்கசாலைத் தெருவிலுள்ள ஓர் அச்சகத்தில் 80 பிரதிகளோடு பிறந்த தி ஹிந்து, 1883-ல் மவுண்ட் ரோடு 100-ம் எண்ணுக்கு வந்தது. சுதேசமித்திரன், தி மெயில், எக்ஸ்பிரஸ் எஸ்டேட், ஆனந்த விகடன் எல்லாம் அந்தச் சாலையோடு பின்னிய பெயர்கள். ஆனால் அங்கே கடைகளும் சினிமாக் கொட்டகைகளும் கார் கம்பெனிகளும் எப்போதும் சம பங்கு வைத்திருந்தன. இரண்டு ஊருக்கும் ஒரு பழைய பழக்கம் பொது: முதல் பக்கம் முழுக்க விளம்பரம், செய்தி உள்ளே. தி ஹிந்து 1958 ஜனவரி 14 அன்று முதல் பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டுவந்தது. லண்டன் டைம்ஸ் அதைச் செய்தது 1966 மே 3-ல்தான்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அந்தத் தெருவில் இரண்டு மணி நேரத்தில் என்ன பார்க்கலாம்? (தம்பதி, ஈரோடு)

பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்தில் இறங்கி, கிழக்கு முனையிலிருந்து மேற்கே நடங்கள்.

முதலில் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயம். தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அடுக்கடுக்கான கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் தவறாது. அதன் உட்புறம் 1940 டிசம்பர் 29 குண்டுவீச்சில் எரிந்து, 1957-ல் மறுபடி திறக்கப்பட்டது. உள்ளே செய்தி சேகரிக்கப் போய் உயிரிழந்த, காணாமல்போன பத்திரிகையாளர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் பீடம் உண்டு. அங்கே கொஞ்சம் நேரம் நில்லுங்கள். நிலவறைக்கும் இறங்கிப் பாருங்கள். போருக்குப் பின் தோண்டியபோது வெளிப்பட்ட ரோமானியர் காலத் தரை அங்கே இருக்கிறது.

வெளியே வந்து எதிர்ப்புறம் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி போர்த்திய எக்ஸ்பிரஸ் கட்டடம், 1932. அடுத்து டெலிகிராஃபின் பெரிய தூண்களும் கடிகாரமும். அவற்றைத் தாண்டி ஒரு குறுகிய சந்தில் 1667-ல் திரும்பக் கட்டிய செஷயர் சீஸ் விடுதி. அந்தச் சந்து வழியே போனால் காஃப் ஸ்கொயர் 17-ம் எண், 1755-ல் வெளியான ஆங்கில அகராதியைச் சாமுவேல் ஜான்சன் தொகுத்த வீடு. நுழைவுக் கட்டணம் உண்டு, திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து தெருவைக் கடந்து பூவெரி ஸ்ட்ரீட்டில் இறங்கினால் மேக்பை ஆலி என்ற சந்து. சுவர் நெடுக ஓடுகளில் அச்சுத் தொழிலின் வரலாற்றைப் படமாகப் பதித்திருக்கிறார்கள். கம்பாசிட்டர் வேலை தெரிந்த உறவினர் யாராவது இருந்தால் அவருக்காகப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, மேற்கே செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தை ஒட்டிய கட்டடம். ஆட்களெல்லாம் போன பிறகும் சண்டே போஸ்ட், டண்டி கூரியர் முதலான பத்திரிகைப் பெயர்கள் அதன் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. எதிர்ப்புற நடைபாதையில் நின்று பாருங்கள்; பக்கத்தில் போனால் மேலேயுள்ள பெயர்கள் கண்ணில் படாது.